கடலில் யார் இறங்குவது?

எங்கள் வீட்டில் சுற்றுலாவுக்கு இரண்டு பட்டியல்கள் உண்டு. முதல் பட்டியல் சத்தமாகப் போடப்படும். வேன் யாரிடம் பேசுவது, டிரைவர் பேட்டா எவ்வளவு, மதுரையிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறுமுன் பாம்பனைத் தாண்டலாம், ரூம் கோவிலுக்குக் கிட்ட எடுப்பதா கடலுக்குக் கிட்ட எடுப்பதா. என் கணவரும் கொழுந்தனாரும் மாமாவும் முன்னறையில் உட்கார்ந்து, இரண்டு சுற்றுக் காபியில் இதை முடித்துவிடுவார்கள். "ப்ளான் போட்டாச்சு" என்று குடும்ப வாட்ஸப் குழுவில் செய்தியும் வந்துவிடும்.

இரண்டாவது பட்டியலுக்குச் சத்தம் கிடையாது. குக்கர் விசிலுக்கு நடுவே அது போடப்படும். மாமாவின் பிரஷர் மாத்திரை. அத்தையின் இன்சுலின், அது சூடாகாமலிருக்க ஃபிளாஸ்க், ஐஸ் நேராக மருந்தில் படாமலிருக்க ஒரு துணி. வேனில் ஏறினாலே வாந்தி எடுக்கும் சின்னவனுக்கு எலுமிச்சம்பழமும் பாலிதீன் பைகளும். 14 பேருக்குக் காலைச் சாப்பாடு. புளியோதரை கெடாது, ஆனால் மாமாவுக்கு நெஞ்செரியும். அவருக்கு மட்டும் இட்லி. இட்லிக்குச் சட்னி அரைத்தால் ஊசிப்போகும், ஆகவே மிளகாய்ப் பொடி, நல்லெண்ணெய். ஆளுக்கு இரண்டு செட் துணி, குழந்தைகளுக்கு நான்கு. ஈரத்துணி கொண்டுவரத் தனிப்பை. வீட்டில் பால்காரருக்குச் சொல்ல வேண்டும், துளசிக்குத் தண்ணீர் ஊற்றப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி கொடுக்க வேண்டும், ஃபிரிட்ஜிலிருக்கும் மாவைத் தீர்க்க வேண்டும்.

இந்தப் பட்டியலுக்கு ஒருநாளும் "ப்ளான்" என்ற பெயர் கிடைத்ததில்லை. "கிளம்புற வேலை" என்பார்கள்.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் கூலியில்லாத அந்த வேலைக்கு ஒரு நாளில் செலவிடுவது சராசரியாக 299 நிமிடங்கள். ஈடுபடும் ஆண்களோ 97 நிமிடங்கள். ஏறக்குறைய ஐந்து மணி நேரம் நமக்கு, ஒன்றரை மணி நேரம் அவர்களுக்கு. சுற்றுலா போனால் இந்த ஐந்து மணி நேரத்துக்கு விடுமுறை கிடைக்கும் என்று நினைப்போம். அது நம்மோடு சேர்ந்து வேனில் ஏறிக்கொள்கிறது. கூடவே, போவதற்கு முந்தைய வாரத்து யோசனையும் வந்த பிறகான துணி துவைப்பும் சேர்ந்துகொள்கின்றன.

வேலையைச் செய்வது ஒரு சுமை என்றால், எந்த வேலை எப்போது செய்யப்பட வேண்டும் என்று ஞாபகம் வைத்திருப்பது இன்னொரு சுமை. எம்மா என்ற பிரெஞ்சுப் பெண் ஓவியர் 2017இல் வரைந்த படக்கதை ஒன்று இந்த மனச்சுமையைப் பற்றிய பேச்சை உலகம் முழுக்கப் பரப்பியது. அதன் தலைப்புக்கு "கேட்டிருக்கலாமே" என்று பொருள். தமிழ்நாட்டு வீடுகளில் அதற்கு "சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனே" என்று பெயர். எல்லாவற்றையும் நினைவில் வைத்து, சரியான நேரத்தில், கோபம் வராத குரலில் சொல்லும் வேலை யாருடையது என்பதை அந்த வாக்கியம் மிகச் சாதாரணமாகத் தீர்மானித்துவிடுகிறது.

இரண்டாவது பட்டியலில் எழுதவே படாத ஒரு பகுதியும் உண்டு. கோவிலை ஒட்டிய பயணம் என்றால் காலண்டரை முதலில் பார்ப்பவர்கள் நாங்கள்தான். போன புரட்டாசியில் காலாண்டு விடுமுறைக்கு இராமேஸ்வரம் முடிவானபோது, எங்கள் வேனில் மாதவிடாய் வரக்கூடியவர்கள் ஐந்து பேர். நான், என் ஓரகத்தி, கணவரின் அக்காவான மதினி, மதினியின் கல்லூரி படிக்கும் மகள், ஐந்து மாதம் முன்பு வயதுக்கு வந்த என் 12 வயது மகள். முன்னறையில் தேதி முடிவாகிவிட்டது. அடுப்படியில் ஐந்து உடம்புகளை அந்தத் தேதிக்குள் மடக்க வேண்டியிருந்தது. "அக்கா, எனக்கு அன்னைக்குத்தான் விழும், தள்ளிப்போடுற மாத்திரை வாங்கியாரச் சொல்லவா?" என்று ஓரகத்தி கேட்டாள். மருந்துக் கடையில் மிட்டாய் மாதிரி கிடைக்கும் அந்த மாத்திரை ஹார்மோன் மருந்து. இரத்தம் உறையும் பிரச்சினை உள்ளவர்களுக்கு ஆபத்தாகலாம். மருத்துவரைக் கேட்டுத்தான் போட வேண்டும். ஆனால் அவளுக்கு மருத்துவரிடம் போக ஒரு மணி நேரம் கிடைக்கவில்லை. பயணத் தேதியை இரண்டு நாள் நகர்த்தலாமே என்று நான் கேட்டதற்கு, "வேன் பேசியாச்சே" என்று பதில் வந்தது. வேனின் தேதி உறுதியானது. எங்கள் உடம்பின் தேதி நகர்த்தக்கூடியது.

அடுத்தது தண்ணீர். மதுரைக்கும் இராமேஸ்வரத்துக்கும் ஏறக்குறைய 170 கிலோமீட்டர். ஆண்களுக்கு அந்த வழி முழுவதும் கருவேல மரங்கள் இருக்கின்றன. பெண்களுக்கு எந்தப் பெட்ரோல் பங்கில் கழிப்பறை திறந்திருக்கும், எதில் தாழ்ப்பாள் இருக்கும் என்ற கணக்கு. அந்தக் கணக்கில் நம்பிக்கையில்லாதவர்கள் முந்தின இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவோம். மதினிக்கு இரண்டு முறை நீர்க்கடுப்பு வந்து படுத்த அனுபவம் உண்டு. "டூர் போயிட்டு வந்த காய்ச்சல்" என்று வீட்டில் பெயர் வைத்தார்கள்.

வெளிநாட்டில் கேரவன் வண்டியில் குடும்பமாகக் கடற்கரைக்குப் போய்த் தங்குகிறார்கள். படுக்கை, அடுப்படி, கழிப்பறை எல்லாம் வண்டிக்குள்ளேயே. பக்கத்தில் கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. கழிப்பறையோடு ஒரு வண்டி என்பதைக் கேட்டதும் எனக்கு ஆசை வந்தது உண்மை. அடுப்படியோடு ஒரு வண்டி என்பதைக் கேட்டபோது அவ்வளவு ஆசை வரவில்லை. அதில்லாமலேயே நாங்கள் அடுப்படியைத் தூக்கிக்கொண்டுதான் போகிறோம். 5 கிலோ சிலிண்டர், ஒற்றை அடுப்பு, சாம்பார் அண்டா, அரிசி மூட்டை, அருவாமனை எல்லாம் வேனின் பின்சீட்டுக்கு அடியில் வந்தன. மண்டபம் தாண்டுமுன் ஒரு மரத்தடியில் வேன் நின்றது. ஆண்கள் கால் நீட்டினார்கள், பிள்ளைகள் ஓடினார்கள், நாங்கள் வெங்காயம் உரித்தோம். காற்றில் அடுப்பு அணையாமலிருக்க அத்தை முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு வயது 68.

அன்று பிற்பகல் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர். ஒரு பயணிகள் ரயிலையே கடல் கொண்டுபோன இடம். இடிந்த தேவாலயத்தைப் பார்த்துவிட்டு, 2017இல் போட்ட சாலை வழியாக அரிச்சல்முனைக்குப் போனோம். இருபுறமும் கடல். டிரைவர் தம்பி எல்லாருக்கும் சொல்வதை எங்களுக்கும் சொன்னார். "இந்தப் பக்கம் அலையில்லாம கிடக்குல்ல, இது பெண் கடல். அந்தப் பக்கம் கொந்தளிக்குதுல்ல, அது ஆண் கடல்." கொழுந்தனார் உடனே, "பெண் கடல் அமைதியா இருக்காமே, நம்ம வீட்டுப் பக்கம் வந்து பார்க்கச் சொல்லுங்க" என்றார். வேன் சிரித்தது. நாங்களும் சிரித்தோம், சிரிக்காவிட்டால் அதற்கு ஒரு பேச்சு வரும்.

இறங்கிக் குளிக்கக் கூடாத இடம் அது. இழுப்பு அதிகம். எச்சரிக்கைப் பலகையைப் பார்த்துக்கொண்டே எங்கள் வீட்டு ஆண்கள் முழங்கால் வரை இறங்கினார்கள். டிரைவர் கத்திக் கூப்பிட்ட பிறகுதான் ஏறினார்கள். பெண்கள் யாரும் இறங்கவில்லை, பலகையை மதித்ததால் மட்டுமல்ல. எங்கள் காலடியில் 14 ஜோடிச் செருப்பு, கையில் நான்கு கைப்பேசி, மூன்று மணிபர்ஸ், ஒரு மூக்குக்கண்ணாடி. எந்தக் கடற்கரைக்கும் போய்ப் பாருங்கள், இந்தக் காவல் பணியில் யார் நிற்கிறார்கள் என்று. அவர்கள் சேலையைக் கணுக்காலுக்கு மேல் இரண்டு விரற்கடை தூக்கிப் பிடித்திருப்பார்கள். அலை வந்தால் ஒரு கூச்சல், ஒரு பின்வாங்கல். அதுதான் அவர்களின் கடல்.

இராமேஸ்வரத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அக்னி தீர்த்தத்தில் பெண்கள் முழுதாக நனையலாம். விடியற்காலையில் நூற்றுக்கணக்கான பெண்கள் சேலையோடு கடலில் முங்கி எழுந்து, சொட்டச் சொட்ட ஈரத்தோடு தெருவைக் கடந்து கோவிலுக்குள் போய், 22 தீர்த்தங்களிலும் வாளித் தண்ணீரைத் தலையில் வாங்கிக்கொண்டு நடப்பார்கள். உடம்பில் துணி ஒட்டுகிறதே என்று யாரும் முறைப்பதில்லை. புண்ணியத்துக்காக நனைந்தால் அது சரி. பித்ருக்களுக்காக, கணவனுக்காக, பிள்ளைக்காக நனையலாம். சும்மா, கடல் நன்றாக இருக்கிறதே என்று நனைவதற்குத்தான் அனுமதியில்லை.

மறுநாள் விடிகாலை நாங்களும் போனோம். மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று முங்கு, முடிந்தது. மதினி, ஓரகத்தி, அத்தை எல்லாரும் கரையேறிவிட்டார்கள். என் மகளும் கொழுந்தனாரின் மகனும் தண்ணீரில் நின்றார்கள். அவன் அவளைவிட ஒரு வயது பெரியவன். போன வருடம் வரை இருவரும் எந்தக் குளத்தையும் ஆற்றையும் விட்டு அடித்து விரட்டினால்தான் ஏறுவார்கள். கடல் குளம் மாதிரிக் கிடந்தது. கரையிலிருந்து சித்தி கூப்பிட்டாள்: "பாப்பா, போதும் வா. துணி ஒட்டுது பாரு. நீ பெரிய பிள்ளையாயிட்ட." பையனை யாரும் கூப்பிடவில்லை.

மகள் என்னைப் பார்த்தாள். "அவ இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நான் மறுபடி இறங்கி அவள் பக்கத்தில் நின்றேன். கொஞ்ச நேரம்தான் நின்றிருப்போம். 22 தீர்த்தத்துக்கு வரிசை பெரிதாகிறது, ரூமைப் பத்து மணிக்குக் காலி செய்யணும், சமைக்கணும் என்று ஒவ்வொரு குரலாக வந்தது. ஏறினோம். அவள் என் துண்டை வாங்கி மேலே போர்த்திக்கொண்டாள். போன வருடம் அதைச் செய்ய அவளுக்குத் தெரியாது.

திரும்பும் வழியில் பாம்பனில் டீ குடிக்க நின்றோம். ஆண்கள் புதிய ரயில் பாலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டீக்கடைப் பெஞ்சில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, பக்கத்தில் நீர்க்கண்ணாடியும் வலைப்பையும். விரல்களில் சுற்றிய துணியை ஒருவர் அவிழ்த்துக்கொண்டிருந்தார். பாசி எடுக்கிறவர்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியுள்ள பாறைகளில், மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கிக் கடற்பாசி பறிக்கும் வேலை இந்தக் கரையில் பெரும்பாலும் பெண்களுடையது. இவர்களில் ஒருவரான சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி 2015இல் சீகாலஜி விருது பெற்றவர். பாசி மறுபடி வளர வேண்டும் என்று மாதத்தில் சில நாட்கள் மட்டும் எடுப்பது, இனப்பெருக்கக் காலத்தில் நிறுத்துவது என்று தங்களுக்குத் தாங்களே விதி வைத்துக்கொண்டவர்கள் இந்தப் பெண்கள்.

சட்டையைப் பற்றி மதினிதான் கேட்டார். "வெறும் சேலைன்னா தண்ணிக்குள்ள மேல மிதந்துக்கிட்டு வரும்ல, காலையும் சுத்தும். சட்டைன்னா உடம்போட நிக்கும், பாறையும் கீறாது" என்றார் அந்த அம்மா. டிரைவர் தம்பி சொன்ன பெண் கடல் கதையைச் சொன்னேன். சிரித்தார். "இப்ப தென்காத்து, அதனால இந்தப் பக்கம் கிடக்குது. கார்த்திகையில வாடை அடிக்கும்போது வந்து பாருங்க, பொம்பளைக் கடல் என்ன பண்ணுதுன்னு."

அவர் சொன்னது கணக்குச் சுத்தமான உண்மை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும், பாக் நீரிணைப் பக்கம் அடங்கியிருக்கும். வடகிழக்குப் பருவக்காற்று வந்ததும் பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்கத் தொடங்கும். காற்று மாறினால் குணம் மாறும் கடலுக்கு, அரை வருடத்தைப் பார்த்து நாம் ஆண், பெண் என்று பெயர் வைத்திருக்கிறோம். அந்த இரண்டு பெண்கள் காற்றும் பிறையும் ஓதமும் பார்த்து, என்ன உடுத்துவது, எத்தனை நாள் போவது, எப்போது திரும்புவது என்று திட்டம் போடுகிறவர்கள். அந்தத் திட்டத்தில் முதலில் வருவது அவர்கள் தண்ணீருக்குள் இறங்கப் போகிறார்கள் என்பதுதான். எங்கள் திட்டத்தில் 14 பேரின் பசி இருந்தது, மருந்து இருந்தது, சாமி இருந்தது. நாங்கள் இறங்குவது எந்த வரியிலும் இல்லை.

வேனில் மகள் என் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். பரமக்குடி தாண்டியதும் சொன்னாள்: "அம்மா, அடுத்த தடவ ப்ளான் போடும்போது நான் எவ்வளவு நேரம் குளிப்பேன்னும் எழுதிக்கோ."

ஒரு பிள்ளையின் ஆசைக்காக இதை இவ்வளவு பெரிதாகப் பேச வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, 2005இல் ஆக்ஸ்ஃபாம் அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. கடலூர் மாவட்டத்தில் இறந்தவர்களில் பெண்கள் 391 பேர், ஆண்கள் 146 பேர் என்று அது சொன்னது. பல ஆண்கள் ஆழ்கடலில் படகில் இருந்தார்கள், பெண்கள் மீனுக்காகக் கரையில் காத்திருந்தார்கள் என்பது ஒரு காரணம். பிள்ளைகளையும் முதியவர்களையும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது இன்னொன்று. நீச்சலும் மரமேறுதலும் ஆண் பிள்ளைகளுக்குத்தான் கற்றுத்தரப்பட்டன என்பது, சுனாமி பாதித்த பல கரைகளில் சொல்லப்பட்ட காரணம். தண்ணீரில் இருக்கும் நேரம்தான் தண்ணீரைக் கற்றுத்தருகிறது. 12 வயதில் "துணி ஒட்டுது, ஏறு" என்று சொல்லும்போது அந்தப் படிப்பை நிறுத்துகிறோம்.

ஆகவே நானும் மதினியும் ஓரகத்தியும் உட்கார்ந்து வேறு மாதிரி ஒரு திட்டம் போட்டோம். உங்களில் யாருக்காவது உதவும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

தாளின் முதல் வரியில் வேன் வரவில்லை. "யார் யார் கடலில் இறங்க வேண்டும், எவ்வளவு நேரம்?" என்று எழுதினோம். ஆளாளுக்குக் கேட்டோம். மகள் இரண்டு மணி நேரம் என்றாள். மதினி யோசித்து, ஒரு மணி நேரம் என்றார். அத்தையிடம் சும்மாதான் கேட்டோம். "எனக்கும் ஒரு சட்டை எடுங்க" என்றார்.

இடம் அதற்கேற்றபடி முடிவானது. உச்சிப்புளிக்குப் பக்கத்தில் அரியமான் கடற்கரை. பாக் நீரிணைப் பக்கம், சவுக்குத் தோப்பு நிழல், கரையோரம் ஆழம் குறைவு. கோவில் இல்லாத இடம், அதனால் யாரும் மாத்திரை போட வேண்டியதில்லை. வாடைக்காற்று அடங்கிய பிப்ரவரி கடைசி வாரம், காலை வேளை. எங்கள் ஐந்து பேரின் தேதிகளை முதலில் எழுதி, மீதியிருந்த சனிக்கிழமைகளில் ஒன்றுக்கு வேன் பேசினோம். வேன் எந்தச் சனிக்கிழமையும் கிடைக்கிறது.

உடை: பழைய முழுக்கைப் பருத்திச் சட்டை, கணுக்கால் வரை இறுக்கமான பேன்ட். துப்பட்டா கிடையாது. ஐந்தரை மீட்டர் சேலை நனைந்தால் என்ன கனம் கனக்கும் என்று துவைக்கிற நமக்குத் தெரியும். மாற்றுவதற்கு வேன் ஜன்னல்களுக்குப் போர்வையும் துணிக் கிளிப்பும். உப்பைக் கழுவ 20 லிட்டர் கேன் நான்கு. கழிப்பறைக்காக ராமநாதபுரத்தில் அரை நாளுக்கு ஒரு ரூம். அந்தச் செலவு வீண் என்று பேச்சு வந்தது. இரண்டு வேளைச் சமையல் சாமானின் விலையையும், மதினியின் நீர்க்கடுப்புக்கு ஆன மருத்துவச் செலவையும் எழுதிக் காட்டினோம், பேச்சு நின்றது.

சாப்பாடு ராமநாதபுரம் ஓட்டலில் பார்சல். அதை வாங்குவது கொழுந்தனார் பொறுப்பு, மாமாவுக்கு ஒத்துக்கொள்வது எது என்று தெரிந்துகொள்வதும் அவர் பொறுப்பு. இன்சுலின் ஃபிளாஸ்க் என் கணவர் பொறுப்பு. கரைக் காவலும் அவருக்குத்தான். செருப்பை மட்டும் பார்த்தால் போதாது, தண்ணீரில் எத்தனை தலை இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். பட்டியலை வாசித்துவிட்டு அவர் சொன்னார்: "இதெல்லாம் சொல்லியிருந்தா போன தடவையே செஞ்சிருப்பேனே."

"சொல்றதும் ஒரு வேலைதான்டா தம்பி" என்றார் மதினி. "அதை இந்தத் தடவ நாங்க செஞ்சிட்டோம். அடுத்த தடவ நீயே நினைச்சுக்க."

பாதுகாப்புக்கென்று சில விதிகள். இடுப்பளவு ஆழத்துக்கு மேல் போகக் கூடாது. யாரும் தனியாக இல்லை, இரண்டிரண்டு பேராக. இறங்குமுன் அங்குள்ள மீனவர்களிடம் நீர் எப்படி என்று கேட்க வேண்டும். இழுப்பில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைக்கக் கூடாது. கையைத் தூக்கிக் கத்திக்கொண்டு மிதக்க வேண்டும், முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர வேண்டும். இழுப்பு ஒடுக்கமான ஓட்டம்தான், அதைவிட்டு விலகிய பிறகு கரைக்கு வரலாம். இதை மகளுக்கு வீட்டிலேயே மனப்பாடம் ஆக்கினோம். அத்தைக்கும்தான்.

போனோம். காலையில் கரையில் கூட்டம் அதிகமில்லை. சவுக்குத் தோப்பில் உட்கார்ந்திருந்த சில பையன்கள் சட்டை போட்ட பாட்டியை வேடிக்கை பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களுக்கு அலுத்துவிட்டது. அத்தை இடுப்பளவுத் தண்ணீரில் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே விட்டார். "உப்புத்தண்ணி ஆளைத் தூக்குதுடி" என்று மூன்று நான்கு முறை சொன்னார். ஓரகத்திக்குப் பயம் போகவில்லை, முழங்கால் ஆழத்தோடு நின்றாள். அதற்கும் பட்டியலில் இடம் இருந்தது.

மதினி இறங்கினார், நின்றார், மெல்லச் சாய்ந்து மல்லாந்தார். அப்படியே மிதந்தார். எங்கள் யாருக்கும் இது தெரியாது, அவர் தம்பிக்கே தெரியாது. மதினிக்கு இப்போது வயது 48. சின்ன வயதில் ஊர்க் கிணற்றில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு நீச்சல் பழகினாராம். மேட்டிலிருந்து குதிப்பாராம். "வயசுக்கு வந்த அன்னைக்கு நிறுத்துனது. 35 வருஷம் ஆச்சு. மறந்திருக்கும்னு நினைச்சேன்" என்றார் கண்ணை மூடியபடி. அவர் தலைக்கடியில் கைவைத்துக்கொண்டு என் மகள் நின்றாள். பிறகு மதினி அவள் தலைக்கடியில் கைவைத்தார். "வயித்தை உள்ள இழுக்காத. தலையைத் தண்ணியில விடு. காதுல தண்ணி போகும், போகட்டும்." மூன்றாவது தடவையில் மகள் பத்து எண்ணும் வரை மிதந்தாள். கரையில் என் கணவர் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

ஊர் திரும்பிய அடுத்த வாரம் மதினி, நகரத்தில் ஒரு நீச்சல் குளத்துக்குப் போய்ப் பெண்களுக்கான நேரம் உண்டா என்று விசாரித்தார். உண்டு, காலை 11 முதல் 12 வரை என்றார்கள். பள்ளி, கல்லூரி, வேலை, சமையல் எல்லாம் நடக்கிற நேரம் அது, அந்த நேரத்தில் எந்தப் பெண் வருவாள் என்று கேட்டிருக்கிறார். "யாரும் வர்றதில்லை மேடம், அதான் ஒரு மணி நேரம் போதும்னு வச்சிருக்கோம்" என்று பதில். காலை 6 மணிக்கு ஒரு மணி நேரம் கேட்டு இப்போது மனு எழுதியிருக்கிறோம். தெருவில் 23 பெண்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதில் ஒன்று அத்தையுடையது. ஆறு மணிக்கு வீட்டில் காபி யார் போடுவது என்பதை அவரவர் வீட்டில் பேசி முடிவு செய்துகொண்டிருக்கிறோம்.